காப்பீடு இல்லாத ஹிஸ்பானிக் குடும்பங்கள் கோட்டை விடும் இடங்கள்

2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்த பிறகும், அமெரிக்காவின் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிய மொழி வழி வந்த மக்களில் காப்பீடு இல்லாதவர் விகிதம் வெள்ளையரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சட்டமே பலரை வாசலில் நிறுத்திவிட்டது. குடியேற்ற ஆவணம் இல்லாதவர் முழுப் பணம் கட்டினாலும் அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்க முடியாது. வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை டெக்சாஸ் மாநிலம் விரிவாக்கவே இல்லை. இவை ஒரு குடும்பத்தின் கையில் இல்லாதவை. கையில் இருப்பதிலும் தவறுகள் நடக்கின்றன.

தங்களுக்குத் தகுதியில்லை என்று பிள்ளைகளுக்கும் விண்ணப்பிக்காமல் விடுவது அதில் ஒன்று. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை அந்நாட்டுக் குடிமகன். வருமானம் குறைவென்றால் மெடிக்கெய்டோ, குழந்தைகளுக்கான அரசுக் காப்பீடான சிப் திட்டமோ கிடைக்கும். யாருக்குக் காப்பீடு கேட்கிறோமோ அவருடைய குடியேற்ற நிலையை மட்டும் சொன்னால் போதும். ஆனாலும் வீட்டு முகவரி படிவத்தில் இருக்கும். 2025ல் மெடிக்கெய்டு தரவு குடியேற்றத் துறையின் கைக்குப் போய், விவகாரம் நீதிமன்றம் ஏறியது. எனவே தயக்கத்தில் நியாயம் உண்டு. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. 'நோட்டாரியோ' பலகை மாட்டியவரிடம் அல்ல. மெக்சிகோவில் அந்தப் பட்டம் சட்டம் படித்த பெரிய மனிதருக்கு உரியது. அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்தைச் சரிபார்த்து முத்திரை குத்துபவர், அவ்வளவே.

காசு அதிகம் போவது மருத்துவமனை பில்லில். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவு யாரையும் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. அதை இலவசம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பில் வந்ததும் ஒன்று மேசை இழுப்பறைக்குள் போகும், இல்லை கிரெடிட் கார்டில் ஏறும். இரண்டாவதுதான் மோசம்: கார்டில் ஏறியபின் அது வங்கிக் கடன், மருத்துவமனையின் சலுகை அதைத் தொடாது.

முதலில் வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேட்க வேண்டும். செய்யாத பரிசோதனை அதில் இருக்கலாம். அடுத்து நிதியுதவிப் படிவம். லாப நோக்கற்ற மருத்துவமனை எதுவானாலும் இப்படி ஓர் உதவித் திட்டம் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். வீடு திரும்பியபின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள்வரை விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாளுக்குள் வழக்குப் போடவோ கடன் பதிவேட்டில் ஏற்றவோ அவர்களுக்கு அனுமதியில்லை. சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு நகல் போன்றவற்றை இணைக்கச் சொல்வார்கள். கவுண்டரில் "ஏதாவது குறைப்பீர்களா?" என்று கேட்டால் தவணைத் திட்டத்தை நீட்டிவிடுவார்கள். நிதியுதவி என்பதற்கான ஸ்பானியச் சொல்லான 'அசிஸ்தென்சியா ஃபினான்சியெரா' என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

முன்பே தேதி குறித்த சிகிச்சை என்றால் எழுத்தில் மதிப்பீடு வாங்கி வைக்க வேண்டும். பில் அதைவிட 400 டாலரோ மேலோ கூடினால் 120 நாளுக்குள் முறையிடலாம்.

மலிவு என்று குறுகிய காலக் காப்பீட்டுத் திட்டம் வாங்குவோர், ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கு அதில் பணம் வராது என்பதைப் படிப்பதில்லை. அந்தக் காசுக்கு, வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக நல மருத்துவ மையம் எவ்வளவோ மேல்.

கைவைத்தியத்தில் இரண்டை மட்டும் தொடவே கூடாது. குழந்தையின் வயிற்று மந்தத்துக்கு, அவர்கள் மொழியில் எம்பாச்சோவுக்கு, கொடுக்கும் மஞ்சள் கிரெத்தாவும் ஆரஞ்சு நிற அசர்கோனும் பெரும்பாலும் ஈயப் பொடிதான். ஏற்கெனவே கொடுத்திருந்தால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும். கடை மருந்திலும் ஒன்று உண்டு: மெக்சிகோ எல்லை தாண்டி வரும் வலி, காய்ச்சல் மருந்தான நியோ மெலுப்ரினா, நம்மூரில் அனால்ஜின் என்று அறியப்பட்ட மருந்தே. சிலருக்கு வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடுவதால் அமெரிக்கா 1977லேயே அதை விலக்கிவிட்டது. அதை விழுங்கியபின் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்தால், அன்றே ரத்தப் பரிசோதனை.