தவளை நீச்சலில் வினாடிகள் எங்கே போகின்றன?

சனிக்கிழமை காலைகளில் சிங்கப்பூரில் எங்கள் பேட்டை நீச்சல் குளத்தில் என் பக்கத்து லேனில் ஒரு தம்பி பிரெஸ்ட்ஸ்ட்ரோக், அதாவது தவளை நீச்சல், பழகுகிறார். வேலையிடத்துப் போட்டிக்காம். நல்ல பலசாலி, தண்ணீரை அடித்துத் துவைக்கிறார். ஆனால் ஒவ்வொரு உதைக்கும் முன்னால் ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். அவர்மேல் அல்ல, நானும் இரண்டு வருடம் அச்சு அசலாக இப்படித்தான் நீந்தினேன்.

பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவது, மூச்சை நீருக்குள் விடுவது எல்லாம் முதல் மாதத்திலேயே கோச் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகும் நம்மைவிட்டுப் போகாத தவறுகள்தான் கீழே.

முழங்காலை வயிற்றுக்கு இழுப்பது

'தவளை மாதிரி காலை மடக்கு' என்று சின்ன வயதில் சொல்லித் தந்ததன் வினை இது. மடக்கு என்றதும் முழங்காலைத்தான் முன்னால் இழுக்கிறோம். அப்போது இரண்டு தொடையும் நீருக்குள் செங்குத்தாக, சுவர் மாதிரி நிற்கும். சந்தேகமிருந்தால் ஒரு கிக்போர்டை (உதை பழகப் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை) நீருக்குள் படுக்கை வசமாகத் தள்ளிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நிமிர்த்திப் பிடித்துத் தள்ளுங்கள், தோள்பட்டையே வலிக்கும். அந்த நிமிர்ந்த பலகைதான் உங்கள் தொடை.

வேகம் இரண்டு மடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காக ஏறும். கை இழுத்து உடம்பு வேகமெடுத்த அந்த நேரத்திலேயே தொடையை இறக்கினால், சம்பாதித்ததை உடனே தொலைத்த கணக்கு. நான்கு பாணிகளில் இதுதான் மெதுவானது. வேகம் ஏறி இறங்குவதும் இதில்தான் அதிகம். அந்த இறக்கத்தைக் குறைப்பதில்தான் வினாடிகள் இருக்கின்றன. நானோ உதையின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஜிம்முக்குப் போய்த் தொடையைப் பெருக்கினேன். சுவர் இன்னும் அகலமானதுதான் மிச்சம்! 100 மீட்டர் 2 நிமிடம் 8 வினாடியை விட்டு நகரவே இல்லை. பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா அலட்டிக்கொள்ளாமல் என்னைக் கடந்து போவார்.

கண்ணைத் திறந்தது ஒரு மின்னல் எச்சரிக்கை. சங்கு ஊதியதும் எல்லாரும் கரையேறி உட்கார்ந்திருந்தோம். கூட நீந்தும் அண்ணன் என்னை பெஞ்சில் குப்புறப் படுக்கச் சொல்லி, இரண்டு தொடையையும் பெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இப்ப காலை மடக்குடா" என்றார். முழங்கால் அசையவில்லை; குதிகால் மட்டும் புட்டத்தை நோக்கி வந்தது. "இவ்வளவுதான். இதுக்கு மேல தொடை இறங்கினா அது பிரேக்." நீருக்குள் தொடை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் இழுக்க வேண்டியது குதிகாலை, முழங்காலை அல்ல.

நேரமும் முக்கியம். கை நீரைப் பிளக்கும்போது கால் பின்னால் நீண்டு சும்மா கிடக்கட்டும். கைகள் தாடைக்குக் கீழே சேரும்போதுதான் குதிகால் மேலே வர வேண்டும். கை முன்னால் நீண்டு முடியும் தறுவாயில் உதை. பழகுவதற்கு, கைகளைப் பின்னால் தொடையோரம் வைத்துக்கொண்டு வெறும் கிக் அடியுங்கள். ஒவ்வொரு தடவையும் குதிகால் விரல் நுனியில் படவேண்டும். மல்லாந்து கிக் அடிக்கும்போது முழங்கால் நீருக்கு வெளியே எட்டிப் பார்த்தால், பழைய புத்தி போகவில்லை என்று அர்த்தம்.

நான்கு மாதத்தில் எனக்கு 50 மீட்டருக்கு 38 ஸ்ட்ரோக் 31 ஆனது. நேரமும் 2 நிமிடத்துக்குள் வந்தது. 2025இல் உலக நீச்சல் போட்டி இங்கே காலாங்கில் நடந்தபோது, பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற சீனாவின் சின் ஹையாங்கின் தொடையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

முழங்காலை அகல விரிப்பது

இடுப்பின் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். அதற்கு மேல் விரித்து உதைத்தால் முழங்காலின் உட்பக்கம் வலியெடுக்கும். வலித்தால் அன்றைக்கு ஃப்ரீஸ்டைல் நீந்துங்கள்.

கையை இடுப்பு வரை இழுப்பது

தோளைத் தாண்ட விடாதீர்கள்.

சுவரை உதைத்ததும் மேலே வருவது

தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே ஒரு முறை கையைத் தொடை வரை முழுசாக இழுக்கலாம்; முதல் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதைக்கு முன் ஒரு டால்ஃபின் கிக்கும் (இரண்டு காலையும் சேர்த்து மேலும் கீழும் அடிப்பது) அடிக்கலாம். விதியே அனுமதிக்கிறது. சுவரை உதைத்த வேகத்தை நீங்கள் நீந்தி எட்டவே முடியாது. அப்புறம் ஏன் மூச்சுக்கு அவசரப்பட்டு மேலே வருகிறீர்கள்?

ஒரு கையால் சுவரைத் தொடுவது

திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் படவேண்டும். இல்லையென்றால் தகுதி நீக்கம். எனக்கு ஒரு வெண்கலம் இப்படித்தான் போனது. அதைப் பற்றிப் பேசப் பிடிக்கவில்லை.