பல்ஸ் இண்டக்ஷன் மெட்டல் டிடெக்டர்: டிரான்ஸ்மிட்டரை நாமே கட்டுவது எப்படி?

மெட்டல் டிடெக்டர் கட்ட உட்காரும் எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை, காயிலுக்குள் எவ்வளவு கரண்ட் தள்ளலாம் என்பதுதான். பல்ஸ் இண்டக்ஷன் வகையில் கரண்டை ஏற்றுவது சுலபம். அதைச் சட்டென்று, சுத்தமாக நிறுத்துவதில்தான் வேலை இருக்கிறது.

காயிலில் கொஞ்ச நேரம் கரண்ட் ஓடவிட்டு டக்கென்று வெட்டுகிறோம். இதைச் செய்யும் பகுதிதான் டிரான்ஸ்மிட்டர். காந்தப்புலம் சரியும்போது பக்கத்தில் உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சில மைக்ரோ செகண்டிலிருந்து சில நூறு மைக்ரோ செகண்டுக்குள் அடங்கும். ரிசீவர் தேடுவது இந்த அடங்கலைத்தான். நம் காயிலே அதற்குள் அடங்காவிட்டால் உலோகத்தின் சிக்னல் அதில் மூழ்கிப்போகும்.

படி 1: காயில்

20 செ.மீ. விட்டத்தில் 0.5 மி.மீ. எனாமல் கம்பியை 25 சுற்று சுற்றுங்கள். ஏறக்குறைய 300 மைக்ரோ ஹென்றி வரும், மல்டிமீட்டரில் 1.4 ஓம் பக்கம் காட்டும். சுற்றுகளை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். சட்டத்தில் ஆணி, ஸ்டேப்பிள் எதுவும் கூடாது. பிளைவுட் அல்லது பிவிசி போதும்.

படி 2: பல்ஸ்

இதற்கு 555 டைமர் ஐசி போதும். ஆனால் வழக்கமான ஆஸ்டேபிள் (தானே ஆன், ஆஃப் ஆகிக்கொண்டிருக்கும்) சுற்றில் ஆன் நேரம் எப்போதும் ஆஃப் நேரத்தைவிட அதிகம். நமக்கு வேண்டியது நேர் எதிர். அதனால் 7-வது காலுக்கும் 6-வது காலுக்கும் நடுவே உள்ள ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டையோடு, ஆனோடு 7 பக்கம் இருக்கும்படி.

8-க்கும் 7-க்கும் நடுவே 2.2 கே, 7-க்கும் 6-க்கும் நடுவே 47 கே. 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 100 நானோ ஃபேரட். 4-வது கால் 12 வோல்ட்டுக்கு. 3-வது காலில் சுமார் 150 மைக்ரோ செகண்ட் பல்ஸ், விநாடிக்கு 290 தடவை கிடைக்கும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சரியாக 250, 300 என்று உட்காராமல் இருப்பது நல்லது. 47 கே-க்குப் பதிலாக 33 கே-யும் 22 கே பிரீசெட்டும் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) சீரியலில் போட்டால் இந்த எண்ணிக்கையை நகர்த்திக்கொள்ளலாம்.

படி 3: மோஸ்ஃபெட்

காயிலின் கரண்டை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச் இதுதான். ஐஆர்எஃப்740 எடுத்துக்கொள்ளுங்கள், 400 வோல்ட் தாங்கும். கேட், டிரெயின், சோர்ஸ் என்று மூன்று கால்கள். சோர்ஸ் கிரவுண்டுக்கு, காயில் டிரெயினுக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவே. 555-இலிருந்து கேட்டுக்கு 47 ஓம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கே. காயிலுக்குக் கரண்ட் கொடுக்க 2200 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டரை மோஸ்ஃபெட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 150 மைக்ரோ செகண்டில் கரண்ட் 4 ஆம்பியரை நெருங்கும், ஆனால் பேட்டரியிலிருந்து சராசரியாக இழுப்பது 100 மில்லி ஆம்பியர்தான்.

ரிலே சுற்று கட்டிப் பழகியவர்கள் காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு போட்டுவிடுவார்கள். இங்கே அது கூடவே கூடாது. டையோடு இருந்தால் கரண்ட் அதன் வழியே சுற்றிச் சுற்றி ஓடி, 200 மைக்ரோ செகண்ட் கழிந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். டையோடு இல்லாவிட்டால் டிரெயின் 400 வோல்ட் பக்கம் எகிறி, மோஸ்ஃபெட்டே அந்த உயரத்தில் அதைப் பிடித்து நிறுத்தும். கரண்ட் 3 மைக்ரோ செகண்டுக்குள் போய்விடும். இந்த எகிறல்தான் நமக்கு வேண்டியது. பேட்டரி இணைத்திருக்கும்போது காயில் முனைகளில் கை வைக்காதீர்கள்.

படி 4: டேம்பிங் ரெசிஸ்டர்

எகிறல் முடிந்ததும் காயிலும், கம்பி, கேபிள், மோஸ்ஃபெட் இவற்றின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து அலையடிக்க ஆரம்பிக்கும். அதை அடக்க காயிலுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் வேண்டும். கணக்கு: இண்டக்டன்ஸை கெப்பாசிட்டன்ஸால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பாதியாக்குங்கள். 300 மைக்ரோ ஹென்றி, 500 பிக்கோ ஃபேரட் என்றால் 390 ஓம் பக்கம். கெப்பாசிட்டன்ஸைத் துல்லியமாக அளப்பது சிரமம் என்பதால் கடைசி முடிவு ஸ்கோப்பில்தான் (ஆசிலோஸ்கோப், வோல்டேஜ் மாறுவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி).

ஆனால் ஸ்கோப்பை நேராக டிரெயினில் வைக்காதீர்கள், 400 வோல்ட் பல புரோப்களுக்கு ஆகாது. 1 கே, 1 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையை டிரெயினில் இணைத்து, மறுமுனையிலிருந்து பிளஸ் 12-க்கு இரண்டு 1என்4148 டையோடுகளை எதிரெதிர்த் திசையில் இணையாகப் போடுங்கள். எவ்வளவு எகிறினாலும் அங்கே ஒரு வோல்ட் அளவுக்கு மேல் வராது. ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் பிளஸ் 12-இல், புரோப் டையோடு முனையில். பேட்டரியில் ஓட்டினால் மட்டுமே இப்படிச் செய்யலாம், அடாப்டரில் வேண்டாம்.

அந்த 1 கே-யும் எகிறலின்போது டேம்பிங்கில் பங்கு கொள்கிறது. ஆகவே முதலில் இதை இணைத்துவிட்டு, அப்புறம் டேம்பிங் ரெசிஸ்டரை 680 ஓமில் தொடங்குங்கள் (1 கே-யோடு இணையாகச் சேர்ந்தால் ஏறக்குறைய 400 ஓம்). 2 வாட் மெட்டல் ஆக்சைடு வாங்குங்கள். வயர்வவுண்ட் வேண்டாம், அதுவே ஒரு குட்டிக் காயில்.

இனி ஸ்கோப் திரையில் வரும் கோட்டைப் பாருங்கள். வளைவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி ஏறி இறங்கினால் ரெசிஸ்டர் மதிப்பு அதிகம், 560, 470 என்று குறையுங்கள். அலை இல்லாமல் சோம்பலாக இறங்கினால் குறைவு, 820-க்குப் போங்கள். கீழே முங்கும் மதிப்புக்கு ஒரு படி முன்னால் நிற்பதே நல்லது. 10 முதல் 15 மைக்ரோ செகண்டுக்குள் கோடு பூஜ்யத்தில் படுத்துவிட்டால் முதல் காயிலுக்கு அது அருமையான முடிவு.

படி 5: உலோகத்தைக் காட்டுங்கள்

ஸ்கோப்பின் செங்குத்து அளவை மில்லி வோல்ட்டுக்கு மாற்றிவிட்டு, ஒரு பித்தளைப் பூட்டைக் காயிலின் நடுவே கொண்டுபோங்கள். கோட்டின் வால் பகுதி தூக்கி, நீண்டு இறங்கும். அடுத்து ஒரு சின்ன அலுமினிய ஃபாயில் துண்டு. அதன் தூக்கல் முதல் சில மைக்ரோ செகண்டிலேயே தீர்ந்துவிடும். ஃபாயில் தெரியவே இல்லை என்றால் பல்ஸை நீட்டிப் பயனில்லை, டேம்பிங்குக்குத் திரும்புங்கள், கேபிளைக் குட்டையாக்குங்கள். மெல்லிய தங்கச் சங்கிலியும் ஃபாயில் மாதிரிதான் நடந்துகொள்ளும்.

ரிசீவரின் முதல் ஆம்ப்ளிஃபையரை இதே டையோடு முனையிலிருந்துதான் தொடங்குவோம். இந்தச் சோதனைச் சுற்றைக் கழற்ற வேண்டாம்.