பணி ஓய்வுக்குப் பின் மீண்டும் தேர்தல் களத்தில்: தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கல்லூரிக் காலத்தில் கட்சிக்காகச் சுவரெழுதி, வீடு வீடாக வாக்குக் கேட்டவர்களில் பலர், அரசுப் பணியில் சேர்ந்ததும் நடத்தை விதிகளின் காரணமாக அரசியலிலிருந்து முற்றாக விலகிவிடுகின்றனர். ஓய்வுபெற்றபின் அந்தத் தடை இல்லை. மறுநியமனத்தில் இருப்பவர்கள் மட்டும் அது முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது. இடையில் வாக்குச்சீட்டு போய், 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் மின்னணு இயந்திரம் வந்துவிட்டது. 2013இல் நோட்டாவும் சேர்ந்தது. ஆனால் வாக்குச்சாவடி அளவிலான வேலை அன்றுபோலவே இன்றும் ஆட்களை நம்பித்தான் நடக்கிறது.

முதல் படி: உங்கள் பகுதியின் கிளைச் செயலாளரையோ வட்டச் செயலாளரையோ நேரில் சந்தித்து, ஒரு வாக்குச்சாவடிக்கான கட்சிக் குழுவான பூத் கமிட்டியில் வேலை கேளுங்கள். மேடைப் பேச்சு பிறகு வரட்டும்.

இரண்டாம் படி: உங்கள் பாகத்தின், அதாவது உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பகுதியின், வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சரிபாருங்கள். மூத்தவர்களால் மிகச் சிறப்பாகச் செய்யக்கூடிய பணி இதுவே என்பது என் உறுதியான கருத்து; யார் இறந்தார், யார் வீடு மாறினார், எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்தது என்பதெல்லாம் அந்தத் தெருவில் நெடுங்காலம் வாழ்ந்தவருக்கே தெரியும். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கக் கோருவதற்குப் படிவம் 7, திருத்தத்திற்கும் முகவரி மாற்றத்திற்கும் படிவம் 8. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரையும் சேர்க்க இயலாது என்பதால், தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல் பல மாதங்கள் முன்பே தொடங்குங்கள். 85 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்க 12டி படிவம் தர வேண்டும். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் அது தேர்தல் நடத்தும் அதிகாரியிடம் சேர வேண்டும். மாற்றுக் கட்சிக்கு வாக்களிக்கும் வீடு என்று தெரிந்தாலும் இந்த உதவியைத் தயங்காமல் செய்யுங்கள், ஏனெனில் வாக்குரிமை கட்சி பார்த்து வருவதில்லை.

மூன்றாம் படி வாக்குச் சேகரிப்பு. கோடை வெயிலில் காலை, மாலை நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப் குழுக்களைக் கவனிக்கும் இளைஞர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கொடுக்கும் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் வழங்கச் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அது தேர்தல் குற்றம். வாக்குப்பதிவு முடியும் நேரத்திற்கு 48 மணி நேரம் முன்பு பிரசாரம் ஓய்ந்துவிட வேண்டும்.

நான்காம் படி, வாக்குப்பதிவு நாள். வேட்பாளர் சார்பில் சாவடிக்குள் இருந்து வாக்குப்பதிவைக் கவனிக்கும் முகவராக அமர விரும்பினால் வேட்பாளரோ அவரது தேர்தல் முகவரோ கையொப்பமிட்ட நியமனப் படிவம் தேவை. வாக்குப்பதிவுக்கு 90 நிமிடங்கள் முன்பு, இயந்திரம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முன்பே சாவடியில் இருக்க வேண்டும். நாள் முழுதும் உட்கார உடல் ஒத்துழைக்காதென்றால் மாற்று முகவராகச் சேருங்கள். ஒரு வேட்பாளருக்கு ஒரு சாவடியில் ஒரு முகவரும் இரண்டு மாற்று முகவர்களும் இருக்கலாம், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே இருப்பார். மாலையில் பொறுப்பில் இருப்பவர், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் சான்றளித்த நகலை வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் பெற்று, வாக்கு எண்ணும் நாளில் ஒப்பிடுவதற்காக வேட்பாளர் தரப்பிடம் ஒப்படைக்க வேண்டும்.