எழுவாய் யார்? ஐரோப்பியப் பாதுகாப்புச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 நவம்பர் 15. இரவு பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. போலந்தில், உக்ரைன் எல்லையை ஒட்டிய ப்ஷெவோடுவ் என்ற சிற்றூரில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்ததாகச் செய்தி வந்தது. அது ரஷ்ய ஏவுகணை என்று பெயர் வெளியிடாத அமெரிக்க அதிகாரி ஒருவர் சொன்னதாக அடுத்த வரி. நான் அப்போது ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் இரவுப் பணியில் இருந்தேன். “நேட்டோ நாட்டின் மீது ரஷ்யா தாக்குதல்: மூன்றாம் உலகப் போர் மூளுமா?” என்று தலைப்பு வைத்து ஏற்றிவிட்டேன்.

மறுநாள் மாலைக்குள் போலந்து அதிபர் டூடாவும் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் பொதுச் செயலாளர் ஸ்டோல்டன்பெர்க்கும் பேசிவிட்டார்கள். ரஷ்யா அன்று ஏவிய ஏவுகணைகளைத் தடுக்க உக்ரைன் செலுத்திய வான்பாதுகாப்பு ஏவுகணைதான் திசை தவறி வந்து விழுந்திருக்க வேண்டும், வேண்டுமென்றே நடந்த தாக்குதலுக்கு அடையாளம் எதுவும் இல்லை என்றார்கள். நாங்கள் தலைப்பை மாற்றினோம். ஆனால் பழைய தலைப்பு அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிட்டது. இறந்த இருவரும் அங்கிருந்த தானிய நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். என் செய்தியில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஐரோப்பியப் பாதுகாப்பு குறித்த செய்திகளில் நானும் சக ஊழியர்களும் செய்யும் தவறுகளைக் குறித்துவைத்து வருகிறேன். புரட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. “ஐரோப்பா முடிவு செய்தது”, “ஐரோப்பா ஆயுதம் குவிக்கிறது”, “ஐரோப்பா அஞ்சுகிறது” என்று எழுதுகிறோம். பள்ளியில் எழுவாயைக் கண்டுபிடிக்க “யார்?” என்று கேட்கச் சொல்லித் தந்தார்கள். அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்பதில்லை.

எந்த ஐரோப்பா?

நேட்டோவின் தலைமையகம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமும் அங்கேதான். அதனால் “பிரஸ்ஸல்ஸ் அறிவித்தது” என்று செய்தி வந்தால் பாதி நேரம் யார் அறிவித்தது என்றே தெரியாமல் மொழிபெயர்க்கிறோம். 2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் சுவீடனும் சேர்ந்த பிறகு நேட்டோவில் 32 நாடுகள். ஒன்றியத்தில் 27. இரண்டிலும் இருப்பவை 23. ஆஸ்திரியா, அயர்லாந்து, சைப்ரஸ், மால்டா ஆகிய நான்கும் ஒன்றியத்தில் உண்டு, நேட்டோவில் இல்லை. பிரிட்டன், நார்வே, துருக்கி ஆகியவை நேட்டோவில் உண்டு, ஒன்றியத்தில் இல்லை. ரஷ்யாவோடு எல்லையைப் பகிரும் நார்வேயை விட்டுவிட்டு ஐரோப்பியப் பாதுகாப்பைப் பேச முடியாது. அதே நார்வேக்கு ஒன்றியத்தின் கூட்டத்தில் வாக்கு இல்லை.

ஒன்றியத்துக்குச் சொந்தப் படையும் கிடையாது. படை, ஆயுதக் கொள்முதல், போருக்கு அனுப்பும் முடிவு எல்லாமே அந்தந்த நாட்டு அரசின் கையில். ராணுவ நடவடிக்கைச் செலவை ஒன்றியத்தின் பொது பட்ஜெட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்று அதன் ஒப்பந்தமே தடுக்கிறது. 2024 டிசம்பரில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் பாதுகாப்புக்கென முதன்முறையாக ஓர் ஆணையர் வந்தார். லிதுவேனியாவின் முன்னாள் பிரதமர் ஆண்ட்ரியஸ் குபிலியஸ். அவரை “ஐரோப்பியப் பாதுகாப்பு அமைச்சர்” என்று எழுதாதீர்கள். அவர் பார்ப்பது ஆயுதத் தொழில், முதலீடு, கூட்டுக் கொள்முதல். ஒரு சிப்பாய்க்குக்கூட அவரால் உத்தரவிட முடியாது.

“ஐரோப்பிய ராணுவம் உருவாகிறது” என்ற தலைப்பும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுச் செய்தியாகத் திரும்ப வருகிறது. 1952-லேயே பாரிஸில் ஆறு நாடுகள் அதற்கு ஒப்பந்தம் போட்டன. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரான்சின் நாடாளுமன்றமே அதை முடக்கியது. பிற்காலத்தில் ஒன்றியம் சுமார் 1,500 வீரர்கள் கொண்ட ‘போர்க்குழு’க்களை அமைத்து, 2007 முதல் முழுத் தயார்நிலையில் வைத்தது. அவை ஒருமுறைகூடக் களத்துக்கு அனுப்பப்படவில்லை. அனுப்ப எல்லா அரசுகளும் ஒப்ப வேண்டும், செலவின் பெரும்பகுதியை அனுப்பும் நாடே சுமக்க வேண்டும் என்ற நிலையில் யாரும் முன்வரவில்லை.

அடுத்தது நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு. ஒரு நாட்டைத் தொட்டால் மற்ற எல்லாரும் தானாகப் போரில் குதித்துவிடுவார்கள் என்பதுதான் பரவலான நம்பிக்கை. ஒருவர் மீதான ஆயுதத் தாக்குதல் எல்லார் மீதுமான தாக்குதலாகக் கருதப்படும் என்று அந்தப் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் ஒவ்வொரு நாடும் தனக்கு அவசியம் என்று தோன்றும் நடவடிக்கையை எடுக்கும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது; படை அனுப்புவது அவற்றில் ஒன்று. 1949 முதல் இன்றுவரை அது ஒரே ஒரு முறைதான் செயலுக்கு வந்தது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. நான்காவது பிரிவு வேறு. கவலை உள்ள நாடு கூட்டத்தைக் கூட்டிக் கலந்து பேசக் கேட்பது அது. “நான்காவது பிரிவை அமல்படுத்தியது போலந்து” என்பதைப் போர் அறிவிப்புபோல எழுதுவது வாசகரை வீணாகப் பயமுறுத்தும்.

ஒன்றியத்துக்கும் இப்படி ஒரு பிரிவு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒப்பந்தத்தின் 42(7): தாக்கப்பட்ட உறுப்பு நாட்டுக்கு மற்றவர்கள் தங்களால் இயன்ற எல்லா வழிகளிலும் உதவக் கடமைப்பட்டவர்கள். எழுத்தில் இது நேட்டோவின் வாசகத்தைவிட அழுத்தமானது. ஆனால் அதன் பின்னால் கட்டளை அமைப்போ நிலைநிறுத்திய படையோ இல்லை. நடுநிலை நாடுகளுக்கு அதிலேயே விலக்கும் உண்டு. 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு பிரான்ஸ் ஒருமுறை இதைப் பயன்படுத்தியது.

பணக் கணக்கு

2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லேயன் 800 பில்லியன் யூரோ பாதுகாப்புச் செலவுத் திட்டத்தை அறிவித்தார். நம் பக்கத்தில் முதல் தவறு பூஜ்ஜியத்திலேயே நடந்தது. ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. ஆக அது 80,000 கோடி யூரோ. “8 லட்சம் கோடி யூரோ” என்று வந்த பிரதிகளை நானே திருத்தியிருக்கிறேன். பில்லியனைக் கோடியாக்கும்போது காகிதத்தில் எழுதிப் பார்த்துவிடுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. “80,000 கோடி யூரோ ஒதுக்கீடு” என்று எழுதினோம். அதில் ஒன்றியம் உண்மையில் திரட்டித் தருவது 15,000 கோடி மட்டுமே. அதுவும் கடன், வாங்கும் நாடு திருப்பிக் கட்ட வேண்டும். மீதி 65,000 கோடி என்பது ஒரு மதிப்பீடு. ஒன்றியத்தின் பட்ஜெட் பற்றாக்குறை விதிகளை நான்கு ஆண்டுக்குத் தளர்த்தினால், நாடுகள் தத்தம் ஜிடிபியில் கூடுதலாக ஒன்றரை சதவீதம் வரை செலவிட்டால், அவ்வளவு வரும் என்ற கணக்கு. செலவிடுவதா இல்லையா என்பது வார்சாவும் ரோமும் மாட்ரிட்டும் தனித்தனியே எடுக்கும் முடிவு. ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கும் போலந்து அந்தக் கடனில் மிகப் பெரிய பங்கைக் கேட்டு வாங்கியது. தூரத்தில் இருக்கும் ஸ்பெயினின் அரசியல் கணக்கு வேறு. 2025 ஜூனில் நேட்டோவின் ஹேக் மாநாட்டில் பாதுகாப்புச் செலவுக்கு 5 சதவீத இலக்கு வந்தபோது, எங்களுக்கு 2.1 சதவீதமே போதும் என்று பிரதமர் சான்செஸ் வெளிப்படையாகவே சொன்னார்.

அந்த 5 சதவீதத்திலும் கவனம் வேண்டும். அது ஜிடிபியில் 5; அரசு பட்ஜெட்டில் 5 என்று எழுதினால் பொருளே மாறிவிடும். இலக்கு ஆண்டு 2035. அதில் மூன்றரைதான் படைக்கும் ஆயுதத்துக்கும். மீதி ஒன்றரை பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு. நேட்டோவுக்குக் கட்டும் சந்தா என்று இதைப் புரிந்துகொள்வதும் பிழை. ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் படைக்குச் செய்யும் செலவு இது. நேட்டோவின் பொது நிதி தனிக் கணக்கு, 2025-இல் அது சுமார் 460 கோடி யூரோ மட்டுமே.

டாலரில் ஒப்பிடுவது இன்னொரு பொறி. ஐரோப்பிய நாடுகளின் செலவைக் கூட்டினால் ரஷ்யாவைவிட அதிகம், பிறகு ஏன் பயம் என்று பலர் கேட்கிறார்கள். ரஷ்யா தன் வீரருக்கும் எஃகுக்கும் கொடுப்பது ரூபிளில், உள்நாட்டு விலையில். வாங்கும் திறனை வைத்துக் கணக்கிட்டால் 2024-இல் ரஷ்யாவின் செலவு 462 பில்லியன் டாலர், ஐரோப்பாவினுடையது 457 பில்லியன் என்று லண்டனில் உள்ள சர்வதேச உத்திசார் ஆய்வுக் கழகம் கணித்தது. ரஷ்யாவின் எண் ஒரே கட்டளையின் கீழ் செலவாவது. ஐரோப்பாவின் எண் பல தலைநகரங்களில் சிதறிக் கிடப்பது.

பணம் வந்தால் ஷெல் வருமா?

இங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். 2023 மார்ச்சில் ஒன்றியம் பன்னிரண்டு மாதத்தில் உக்ரைனுக்கு 10 லட்சம் பீரங்கி ஷெல் தருவதாக வாக்குக் கொடுத்தது. கெடு வந்தபோது பாதியளவுதான் போயிருந்தது. முழு எண்ணிக்கை தேற 2024 கடைசி ஆகிவிட்டது. பணம் இல்லாமல் இல்லை.

155 மி.மீ. ஷெல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடை நாற்பது கிலோவுக்கு மேல். வெளியே எஃகு உறை, உள்ளே வெடிமருந்து, மூக்கில் ஃபியூஸ். இதைப் பீரங்கியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளுவது பின்னால் தனியாக வைக்கும் உந்துமருந்து. அதற்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். நைட்ரோசெல்லுலோஸுக்குப் பருத்தி வேண்டும். ஜின்னிங்கில் பஞ்சைப் பிரித்த பிறகும் பருத்திக்கொட்டையில் பூனைமயிர்போலக் குட்டை இழை ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த லிண்டர்தான் மூலப்பொருள். ஐரோப்பிய ஆலைகளுக்கு அதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஷெல்லுக்குள் நிரப்பும் வெடிமருந்தான டி.என்.டி.யைப் பெரிய அளவில் தயாரிக்கும் ஆலை பல ஆண்டுகளாக ஒன்றியம் முழுவதற்கும் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் ஒன்றுதான் இருந்தது. நிதியமைச்சர் கையெழுத்திட்ட மறுநாளே ஷெல் வந்து குவியாததற்கு இதுதான் காரணம். ரைன்மெட்டால் என்ற ஆயுத நிறுவனம் ஜெர்மனியின் உண்டர்லூஸில் புது ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி 2025 ஆகஸ்டில் திறந்தது. இந்தத் துறையில் அது அசுர வேகம். அப்படியும் ஆண்டுக்கு 3.5 லட்சம் ஷெல் என்ற முழு அளவை 2027-இல் எட்டுவதுதான் இலக்கு.

தயாரான ஷெல் எந்தப் பீரங்கிக்கு என்பது அடுத்த கேள்வி. 155 மி.மீ. பீரங்கியில் மட்டும் பத்து வகையை ஒன்றிய நாடுகள் உக்ரைனுக்குக் கொடுத்திருந்தன என்று 2024 செப்டம்பரில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் மாரியோ டிராகி ஒன்றியத்துக்குத் தந்த அறிக்கை சொல்கிறது. பத்து வகைக்குப் பத்து உதிரிபாகம், பத்துப் பயிற்சி. அதே அறிக்கையில், ஒன்றிய நாடுகளின் ஆயுதக் கொள்முதலில் 78 சதவீதம் வெளியே போகிறது என்ற எண்ணும் உண்டு. அதை இன்றைய நிலவரம்போல மேற்கோள் காட்டாதீர்கள். அது 2022 ஜூன் முதல் ஓராண்டு, கையில் கிடைத்ததை அவசரமாக வாங்கிய காலம். இன்னும் நீண்ட காலத்தை எடுத்துக்கொண்ட மேற்சொன்ன லண்டன் கழகம், பாதிக்கு மேல் ஐரோப்பியத் தயாரிப்புகளுக்கே போனதாகக் கண்டது.

அணு ஆயுதம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. “ஐரோப்பாவின் அணு ஆயுதம்” என்று ஒன்று கிடையாது. பிரான்சுடையது முழுக்கச் சொந்தத் தயாரிப்பு. பிரிட்டனின் வெடிமுனையும் ஏவும் முடிவும் அதனுடையவை, ஆனால் அதைச் சுமக்கும் டிரைடன்ட் ஏவுகணை அமெரிக்காவுடையது. இரண்டையும் கூட்டி ஒரே குடையாக வரைய முடியாது.

யார் செய்தது?

ப்ஷெவோடுவுக்குப் பிறகு நான் மிகவும் அஞ்சுவது இந்தக் கேள்விக்கான அவசர விடையைத்தான். 2025 செப்டம்பர் 9 இரவு சுமார் இருபது ரஷ்ய டிரோன்கள் போலந்து வான்வெளிக்குள் வந்தன. நெதர்லாந்தின் எஃப்-35 விமானங்களும் சேர்ந்து சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின. இவை உறுதியான செய்திகள். விரிக்கி கிராமத்தில் ஒரு வீட்டின் கூரை பிய்ந்துபோன படத்தை “ரஷ்ய டிரோன் தாக்கிய வீடு” என்று எல்லாரும் போட்டோம். சில நாளில், டிரோனைக் குறிவைத்துப் போலந்தின் போர்விமானம் ஏவிய ஏவுகணைதான் அந்த வீட்டில் விழுந்தது என்று போலந்து நாளிதழ் ஒன்று எழுதியது. டிரோன்களை அனுப்பியவர்களே இதற்கும் பொறுப்பு என்பது அரசின் பதில். அந்த வாதம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் படத்துக்கு நாங்கள் எழுதிய வரி எங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றாக இருக்கவில்லை.

கடலடிக் கேபிள் விவகாரமும் அப்படித்தான். 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலான எஸ்ட்லிங்க்-2 மின்கேபிள் அறுந்தது. ரஷ்ய எண்ணெய் ஏற்றிய ஈகிள் எஸ் கப்பல் நங்கூரத்தைக் கடலடியில் இழுத்துச் சென்றதாகப் பின்லாந்து அதைப் பிடித்தது. கேப்டன் மீதும் அதிகாரிகள் இருவர் மீதும் வழக்கு. 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. “நாசவேலை இல்லை எனத் தீர்ப்பு” என்று சிலர் எழுதினார்கள். நீதிமன்றம் சொன்னது வேறு: சம்பவம் நடந்தது பின்லாந்தின் கடல் எல்லைக்கு வெளியே, எனவே விசாரிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. குற்றம் நடந்ததா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவே இல்லை.

கண்ணில் படாமல் போகும் செய்திகள்

எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய பால்டிக் நாடுகளின் பழைய ரயில் பாதை 1,520 மி.மீ. அகலம், போலந்தினுடையது 1,435. இந்த 85 மி.மீ. வித்தியாசத்தால் மேற்கிலிருந்து ரயிலில் வரும் டாங்கியை நடுவழியில் வண்டி மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரே அகலத்தில் 870 கி.மீ. நீளத்துக்கு ரயில் பால்டிகா பாதை போடுகிறார்கள், இலக்கு 2030. போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே, ஒரு பக்கம் ரஷ்யாவின் தனித்துண்டான கலினின்கிராட், மறுபக்கம் அதன் கூட்டாளியான பெலாரஸ் என்று நெருக்கும் சுவால்கி இடைவெளி வழியாகத்தான் அது போகிறது. இதைச் செய்தியாக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று எங்கள் மேசையில் ஒதுக்கியிருக்கிறோம். இப்போது அதற்காக வருந்துகிறேன்.

2025 மே மாதம் வில்னியஸில் ஜெர்மனியின் 45-ஆவது கவசப் படைப்பிரிவின் தொடக்க விழா நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி ஒரு படைப்பிரிவை வெளிநாட்டில் நிரந்தரமாக நிறுத்துவது இதுவே முதல்முறை. நாம் எல்லாரும் அணிவகுப்புப் படத்தைப் போட்டு முடித்துக்கொண்டோம். விழா நாளில் அந்தப் படைப்பிரிவு முழுதாக இல்லை. திட்டமிட்ட 4,800 வீரர்களும் 200 சிவில் ஊழியர்களும் 2027-க்குள்தான் வந்து சேர வேண்டும். அவர்களுக்காக லிதுவேனியா ருட்னின்காய் காட்டில் முகாம் கட்டுகிறது. வில்னியஸிலும் கவுனாஸிலும் வீடு தேடுகிறது. ஜெர்மன் குழந்தைகளுக்குப் பள்ளியும் மழலையர் காப்பகமும் ஏற்பாடு செய்கிறது. குடும்பத்தோடு குடிபெயர ஜெர்மனியில் எத்தனை சிப்பாய்கள் தாமாக முன்வருகிறார்கள் என்பதைத்தான் நான் இப்போது வாராவாரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.