விற்காமல் கிடந்த ஃப்ளாட்: ஓதச் சுவரைச் சரிசெய்த விதம்

சந்தை மந்தமாக இருந்தால் வீடு பார்க்க வருபவர் பாத்ரூமை ஒட்டிய சுவரைத் தடவிப் பார்க்காமல் போகமாட்டார். எங்கள் ஃப்ளாட்டில் அங்கேதான் உப்புப் பூத்துப் பெயிண்ட் உரிந்திருந்தது. மேலாக்கப் பட்டி பார்த்து அடித்தது இரண்டே மாதத்தில் கொப்பளித்துவிட்டது. கசிவு டைல்ஸ் இடுக்கில்.

டைல்ஸ் இடுக்கை அடைக்கும் பழைய கிரௌட்டைச் சுரண்டி, உலர்த்தி, எபாக்ஸி பிசின் கலந்த கிரௌட் அடைத்தோம். படுக்கையறைப் பக்கம் ஈரத் தடத்துக்கு மேல் ஓர் அடி வரை பூச்சைக் கொத்தி, செங்கல்லை மூன்று வாரம் காயவிட்டோம். காய்ந்ததா என்று பார்க்க, சுவரில் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால் உள்ளே வியர்க்கக் கூடாது. முதல் தடவை வியர்த்தது, இன்னும் பத்து நாள் பொறுத்தோம். பிறகு சிமெண்டும் மணலும் 1:4 கலவைப் பூச்சு, 7 நாள் தண்ணீர் தெளிப்பு, ஒரு மாதம் காயவிடல். கடைசியில்தான் பட்டி, பிரைமர், வெளிர்நிறத்தில் இரண்டு கோட்.

அந்தச் சுவரை மறைத்து பீரோ போடாதீர்கள், சந்தேகம்தான் வரும்.