ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குப் பல் பிடுங்கும்போது

அம்மாவுக்கு இதயத்தில் உலோக வால்வு. ரத்தம் உறையாமலிருக்க தினமும் சாயங்காலம் அசிட்ரோம் மாத்திரை. கடவாய்ப்பல் ஆட ஆரம்பித்ததும் கோபியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனோம். "அஞ்சு நாளைக்கு அந்த மாத்திரைய நிறுத்திட்டு வாங்க" என்றார்கள். இதய டாக்டரோ, "ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுங்க" என்றார். நிறுத்தாமலேதான் பிடுங்கினோம். செய்தது இப்படி.

1. என்ன மாத்திரை என்று பாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஒரு வகை. ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்கள் இவற்றைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். வார்ஃபரின், அசிட்ரோம் இன்னொரு வகை. அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் மூன்றாவது. இந்த மூன்றாவது வகைக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துப் பயனில்லை. சில சமயம் அன்று காலை வேளை மாத்திரையை மட்டும் தள்ளிப்போடச் சொல்வார்கள். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

2. மாத்திரை எழுதிய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. பல் பிடுங்கிய குழியில் வரும் ரத்தத்தை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தி, வால்வில் உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

3. ஐ.என்.ஆர். நாங்கள் திண்டாடியது இங்கேதான். பழைய ரிப்போர்ட் செல்லாது. பிடுங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அளவு பல மாதமாக ஏறி இறங்காமல் இருந்தால் 72 மணி நேரம்வரை ஒப்புக்கொள்வார்கள். பிரிட்டன் வழிகாட்டுதலில் 4-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமல் பிடுங்கலாம். இங்கே சில டாக்டர்கள் 3.5-க்கு மேல் தொட மாட்டார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை நாள் குறித்தால் ஞாயிறு லேப் இருக்காது. சின்ன லேப்கள் ரத்தத்தை ஈரோட்டுக்கு அனுப்பி மறுநாள்தான் ரிசல்ட் தருவதும் உண்டு. அதனால் செவ்வாய் அல்லது புதன் காலை என்று வாங்குங்கள், பிடுங்கும் நேரத்துக்கு 24 மணி நேரம் தாண்டாதபடி முந்தின நாள் ரத்தம் கொடுங்கள், "இன்னிக்கே ரிசல்ட் வந்துருங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். எப்போதும் ஒரே லேப்தான் நல்லது என்பது என் கட்சி.

4. அன்றைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ரத்தம் கசிந்தால் பகலிலேயே திரும்பப் போகலாம். செயற்கை வால்வு இருப்பதைச் சொல்லுங்கள். வால்வில் கிருமி தொற்றாமலிருக்க ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் கொடுப்பது வழக்கம்; பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து.

5. பஞ்சை அரை மணி நேரம் இறுக்கிக் கடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது. ஆறின அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய வைத்துக் கொடுத்தோம். அரை மணி நேரம் அழுத்தியும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

6. கிளினிக்கில் தரும் சீட்டை வாசலிலேயே படியுங்கள். வலிக்கு பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வேண்டாம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால் திரும்பக் கேளுங்கள். அது அசிட்ரோமோடு சேர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறும். தவிர்க்கவே முடியாதென்றால் சில நாளில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: பொள்ளாச்சியிலிருந்து ஒருவர், பல்செட் உரசிய புண்ணுக்கு மைக்கோனசோல் ஜெல் தடவலாமா என்று கேட்டிருந்தார். வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் தடவக் கூடாதுங்க. வாயில் தடவும் ஜெல்கூட ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். பூஞ்சைப் புண்தான் என்று டாக்டர் சொன்னால் நிஸ்டாட்டின் சொட்டு இருக்கிறது, அதைக் கேளுங்கள்.