லத்தீன் இளங்கலைப் படிப்பு: பட்டத்தைத் தேர்வதிலிருந்து பரீட்சைத்தாள் வரை

பிரிட்டனில் லத்தீன் படிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் பெயரை அல்ல, பட்டத்தின் பெயரை. ‘கிளாசிக்ஸ்’ என்றால் பெரும்பாலும் லத்தீனும் கிரேக்கமும், அல்லது இரண்டில் ஒன்றை ஆழமாக. ‘லத்தீன்’ என்றே பட்டம் தரும் துறைகளும் உண்டு. ‘கிளாசிக்கல் ஸ்டடீஸ்’, ‘கிளாசிக்கல் சிவிலைசேஷன்’ என்று இருந்தால், வெர்ஜிலையும் சிசரோவையும் ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே படித்து முடித்துவிடலாம். அது மட்டமான படிப்பு இல்லை, ஆனால் லத்தீன் படிப்பும் இல்லை.

இங்கிலாந்தில் ஆண்டுக்கு 120 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) வீதம் மூன்றாண்டில் 360. ஸ்காட்லாந்தில் நான்காண்டு, 480. துறையின் பாடப் பட்டியலை எடுத்து, முதலாண்டின் 120-இல் மொழிக்கென்று எத்தனை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கூட்டிப் பாருங்கள். தொடக்க நிலையில் சேர்பவருக்கு 40-க்குக் கீழே இருந்தால் யோசியுங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு மூன்றாம் ஆண்டில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸைப் படித்துவிட முடியாது.

பள்ளியில் லத்தீன் படிக்காதவருக்கும் வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜில் அவர்களுக்கென நான்காண்டு கிளாசிக்ஸ் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் கிளாசிக்ஸ் எல்லாருக்குமே நான்காண்டுதான், ஏ-லெவல் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் இம்மொழிகளைப் படிக்காதவர்கள் ‘கோர்ஸ் 2’ வழியாக நுழைவார்கள். விண்ணப்பம் யூகாஸ் என்னும் பொது விண்ணப்ப அமைப்பு வழியே, அதிகபட்சம் ஐந்து இடங்களுக்கு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் போட முடியாது. அந்த இரண்டுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15.

சேர்வதற்கு முன்

பல்கலைக்கழகத்தில் தொடக்க வகுப்பு மொத்த இலக்கணத்தையும் ஏறக்குறைய ஒரே கல்வியாண்டில் முடித்துவிடும். ஆறு வேற்றுமைகள், பெயர்ச்சொல்லுக்கு ஐந்து டிக்ளென்ஷன் (வேற்றுமை ஈறு ஏற்கும் வகை), வினைக்கு நான்கு கான்ஜுகேஷன் (வினை ஈறு ஏற்கும் வகை). கோடை விடுமுறையில் முதல் மூன்று டிக்ளென்ஷனும் நிகழ்கால வினை வடிவங்களும் மனப்பாடமாகிவிட்டால், அக்டோபரில் மூச்சுவிட இடம் கிடைக்கும். பாடநூல் ஒன்று போதும். விதியைச் சொல்லிவிட்டுப் பயிற்சி தருவது பிடித்தால் வீலாக்கின் 40 அத்தியாய நூல். வாசித்துக்கொண்டே விதியைக் கண்டுகொள்வது பிடித்தால், முதல் பக்கத்திலிருந்தே முழுவதும் லத்தீனில் இருக்கும் எர்பெர்க்கின் நூல். இரண்டையும் பாதிப் பாதியாகப் படிப்பது வேண்டாம். சொற்கள் வரும் வரிசை வேறு, இலக்கணம் வரும் வரிசை வேறு, கடைசியில் இரண்டிலும் ஓட்டை விழும்.

சொல்லை மனப்பாடம் செய்யும் முறையில்தான் பலர் முதல் மாதமே தவறுகிறார்கள். பெயர்ச்சொல் என்றால் எழுவாய் வடிவம், ஆறாம் வேற்றுமை வடிவம், பால் மூன்றும் சேர்த்தே ஒரு சொல்: ரேக்ஸ், ரேகிஸ், ஆண்பால். ரேக்ஸ் (அரசன்) என்பதிலிருந்து ‘ரேக்’ என்ற அடிச்சொல்லை ஊகிக்க முடியாது, ரேகிஸ்தான் அதைக் காட்டும். வினை என்றால் நான்கு வடிவங்கள்: ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாதும் (சுமத்தல்). முதல் வடிவத்தை மட்டும் படித்தவர், பாட்டில் ‘துலித்’ என்று வந்தால் அகராதியில் எங்கே தேடுவது என்றே தெரியாமல் நிற்பார். டிக்கின்சன் கல்லூரி இணையத்தில் இலவசமாகத் தரும் அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 1,000 சொற்கள் உள்ளன, வழக்கமான ஒரு லத்தீன் பனுவலில் ஏறத்தாழ 70 சதவீதத்தை அவை எட்டும். நாளொன்றுக்கு 15 சொல் என்றால் பத்து வாரத்தில் முடியும்.

நெடில் குறியோடு படியுங்கள். வெனித் என்றால் வருகிறான், வேனித் என்றால் வந்தான். பாடநூல்கள் நெடிலுக்கு மேலே கோடு போடும், பிற்பாடு நீங்கள் படிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மூலப் பதிப்புகள் போடாது. குறில் நெடிலைப் பிரித்துக் கேட்டே வளர்ந்த காது நமக்கு இருக்கிறது. அதை முதல் நாளிலிருந்தே பயன்படுத்தினால் யாப்பு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

தமிழ் கைகொடுக்கும் இடம், காலை வாரும் இடம்

ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவருக்கு, ஒரு சொல்லின் வேலையை அதன் ஈறு சொல்லும் என்ற எண்ணம் பழகவே மாதங்கள் ஆகும். நமக்கு அது புதிதல்ல. வினைமுற்று கடைசியில் வருவதும் புதிதல்ல. சிக்கலான அப்லேடிவ் வேற்றுமையைக்கூட நம் கணக்கில் எளிதாகப் பிடிக்கலாம்: தமிழில் ஆல்-ஓடு, இருந்து, இல் என்று மூன்று வேற்றுமைகள் பகிர்ந்துகொள்ளும் வேலையை லத்தீனில் அப்லேடிவ் ஒன்றே செய்கிறது. அப்லேடிவைப் பார்த்ததும் ‘வாளாலா, வாளோடா, வாளிலிருந்தா, வாளிலா’ என்று நான்கையும் வைத்துப் பாருங்கள், இடம் பொருந்துவது எது என்று தெரிந்துவிடும்.

அப்லேடிவ் அப்சொல்யூட் என்ற அமைப்பைக் கண்டு வகுப்பே மிரளும். ‘உர்பெ கப்தா’ என்றால் ‘நகர் பிடிபட’. ‘மழை பெய்ய, குளம் நிறைந்தது’ என்னும்போது பெய்ததும் நிறைந்ததும் வேறுவேறு எழுவாய்கள் இல்லையா? நம் ‘செய’ என்னும் எச்சம் அதற்கு இடம் தருகிறது, ‘செய்து’ என்னும் எச்சம் தராது. லத்தீன் அமைப்பும் இந்தச் ‘செய’ வகைதான்: அதிலுள்ள பெயர் முதன்மை வாக்கியத்தின் எழுவாயாக இருக்காது. ‘நகரைப் பிடித்து, படை திரும்பியது’ என்று செய்வினையில் சொல்ல, பெரும்பாலான லத்தீன் வினைகளுக்கு இறந்தகாலச் செய்வினை எச்சமே இல்லை. அதனால்தான் ரோமானியர் ‘நகர் பிடிபட, படை திரும்பியது’ என்று சுற்றிச் சொல்கிறார்கள்.

இனி இடறும் இடங்கள். முதலாவது, பால். தமிழில் பால் பொருளைப் பொறுத்தது, லத்தீனில் சொல்லைப் பொறுத்தது. மேன்ஸ (மேசை) பெண்பால். பால் தெரியாவிட்டால் எந்தப் பெயரடை எந்தப் பெயரோடு சேர்கிறது என்பது தெரியாது. பாட்டில் அவை இரண்டும் வரியின் இரு முனைகளில் நிற்கும்.

இரண்டாவது, க்வீ-க்வை-க்வோத் என்னும் இணைப்புப் பெயர்கள். ‘நான் பார்த்த சிறுவன்’ என்று பெயரெச்சத்தில் முடித்துவிடும் நமக்கு இது அந்நியம். ‘புவெர் க்வெம் வீதீ’ என்பதில் க்வெம் ஆண்பால் ஒருமையாக இருப்பது புவெர் (சிறுவன்) காரணமாக. இரண்டாம் வேற்றுமையாக இருப்பதோ வீதீ (பார்த்தேன்) காரணமாக. பாலும் எண்ணும் முன்னால் உள்ள பெயரிலிருந்து, வேற்றுமை தன் வாக்கியத்திலிருந்து. இந்த இரண்டையும் தனித்தனியே கேட்காதவர்கள் மூன்றாம் ஆண்டிலும் தவறுகிறார்கள்.

மூன்றாவது, ‘என்று’ இல்லாத அயற்கூற்று. ‘தீகித் மார்கும் வெனீரெ’: மார்குஸ் வருகிறான் என்று சொல்கிறான். வருபவன் மார்குஸ், ஆனால் வடிவம் இரண்டாம் வேற்றுமை. வினை, முற்றாக இல்லாமல் இன்ஃபினிடிவாக (‘வர’, ‘செய்ய’ போன்ற வடிவமாக) நிற்கிறது. சொன்னான் என்று மாற்றினாலும் வெனீரெ மாறாது, ஏனெனில் அது சொல்லும் நேரத்தோடு ஒப்பிட்ட காலம். நாமும் ‘வருகிறான் என்று சொன்னான்’ என்றுதான் சொல்கிறோம். ஆகவே தமிழில் புரிந்துகொண்டால் சரியாக வரும். விடைத்தாளில் ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் அதை இறந்தகாலமாக நகர்த்த வேண்டும். மறந்தால் மதிப்பெண் போகும்.

ஒரு வாக்கியத்தைப் பிரிக்கும் முறை

கால் நாட்டுப் போரைப் பற்றிச் சீசர் எழுதிய ‘காலியப் போர்’, முதல் நூல், ஏழாம் பிரிவு இப்படித் தொடங்குகிறது: ‘கைசரீ கும் இத் நூந்தியாதும் எஸ்ஸெத், எயோஸ் பெர் ப்ரோவின்கியம் நோஸ்த்ரம் இதெர் ஃபகெரெ கோனாரீ, மாதூரத் அப் உர்பெ ப்ரோஃபிகீஸ்கீ.’

அகராதியைத் திறக்காதீர்கள். முதலில் முற்று வினைகளைக் கோடிடுங்கள்: நூந்தியாதும் எஸ்ஸெத், மாதூரத். இரண்டே இரண்டு. அடுத்து, இணைப்புச் சொல்: கும். அது நூந்தியாதும் எஸ்ஸெத் என்ற சப்ஜங்டிவ் (துணை வாக்கியங்களில் அடிக்கடி வரும் வினை வடிவம்) வினையோடு போகிறது, ஆகவே அது துணை வாக்கியம், ‘அறிவிக்கப்பட்டதும்’. மிச்சமுள்ள மாதூரத் (விரைகிறார்) முதன்மை வினை. மூன்றாவதாக இன்ஃபினிடிவ்கள்: கோனாரீ (முயல), அதற்குள் ஃபகெரெ (செய்ய). கோனாரீக்கு முன்னால் இரண்டாம் வேற்றுமையில் எயோஸ் (அவர்களை, அதாவது ஹெல்வெடியர் என்ற இனத்தாரை) நிற்கிறதல்லவா, அதுவே அயற்கூற்றின் எழுவாய்: ‘அவர்கள் நம் மாகாணத்தின் வழியே செல்ல முயல்கிறார்கள்’. இத் என்ற ‘அது’ இந்தச் செய்தியைத்தான் முன்கூட்டிச் சுட்டுகிறது.

பலரும் விழும் குழி, முதல் சொல். கைசரீ வாக்கியத்தின் தலையில் நிற்பதால் எழுவாய் என்று எடுத்துக்கொள்வார்கள். ஈறு டேடிவ்: ‘சீசருக்கு’. விரைபவரும் சீசர்தான், ஆனால் அந்த எழுவாய் எழுதப்படவே இல்லை, மாதூரத்தின் ஈற்றில் இருக்கிறது. முழுமையாக: ‘அவர்கள் நம் மாகாணத்தின் வழியே செல்ல முயல்கிறார்கள் என்ற செய்தி சீசருக்கு அறிவிக்கப்பட்டதும், அவர் நகரிலிருந்து புறப்பட விரைகிறார்.’ நகர் என்றால் ரோம்.

முற்று வினை, இணைப்புச் சொல், இன்ஃபினிடிவ், பிறகுதான் பெயர்கள், கடைசியில்தான் அகராதி. முதலாண்டு முழுவதும் பென்சிலால் குறித்தே செய்யுங்கள். பிறகு கண்ணே செய்துவிடும்.

அகராதியில் இரண்டு சூட்சுமங்கள். 1879-இல் வந்த லூயிஸ் அண்ட் ஷார்ட், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் இலவசம். அதில் ‘யம்’ போன்ற சொற்களை ஜே எழுத்தில் தேட வேண்டும், உங்கள் பாடப் பதிப்பிலோ ஐ எழுத்து இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதி இன்னும் நம்பகமானது, ஆனால் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முடிவோடு நின்றுவிடும். பிற்காலத்தவரான அகுஸ்தீனைப் படிப்பவருக்கு லூயிஸ் அண்ட் ஷார்ட்தான். பெர்சியஸில் சொல்லைத் தட்டினால் வரும் இலக்கணக் குறிப்பை நம்பிப் படிக்காதீர்கள். ஒரே வடிவத்துக்குப் பல விளக்கம் இருக்கும்போது அது ஊகம்தான் செய்கிறது.

பாட நூல்கள்

வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில் நான்காம் நூல் 705 வரிகள். நாளுக்கு 25 வரி என்றால் நான்கு வாரம். இது முதல் சுற்று, பரீட்சைக்கு முன் மூன்று சுற்றாவது வேண்டும். சிவப்பு அட்டை லோப் பதிப்பில் எதிர்ப் பக்கத்திலேயே ஆங்கிலம் இருக்கும். நீங்கள் முதலில் பிரித்து எழுதியபின் சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள். ஆங்கிலத்தை மனப்பாடம் செய்து தேர்வுக்குப் போகிறவர்களை வினாத்தாள் எளிதில் கண்டுபிடித்துவிடும். பகுதி வாக்கியத்தின் நடுவில் தொடங்கும், மனப்பாடம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஒரு வரி கூடுதலாக எழுதிவிடுவார்கள்.

நயம் எழுதும் வினாவில் அணியின் பெயரைச் சொன்னால் போதாது, அது என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். அந்நூலின் முதல் வரி: ‘அத் ரேகீன கிரவீ யம்தூதும் சௌகிய கூரா’. அரசியோ கனத்த துயரால் ஏற்கெனவே காயமுற்றிருக்கிறாள். கிரவீ (கனத்த), கூரா (துயரால்) இரண்டும் சேர்ந்த சொற்கள், அவற்றுக்கு நடுவே சௌகிய (காயமுற்றவள்) அடைபட்டிருக்கிறது. அரசி டைடோவைத் துயர் சூழ்ந்திருப்பதைச் சொல்லின் இடமே காட்டுகிறது. இந்தக் காயம், 69-ஆம் வரியில் தொடங்கும் அம்பு பட்ட மான் உவமையில் மறுபடி வருகிறது என்றும் சேர்த்தால் விடை நிறைவாகும்.

இதே வரியில் யாப்பும் பழகலாம். ஈனியடின் யாப்பான ஹெக்ஸாமீட்டருக்கு ஆறு சீர். நெடில் உள்ள அசை கனம், குறில் அசை லேசு. ஒவ்வொன்றும் கனம்-லேசு-லேசு, அல்லது கனம்-கனம். ஐந்தாம் சீர் ஏறக்குறைய எப்போதும் கனம்-லேசு-லேசு, கடைசிச் சீர் ஈரசை. எனவே வரியின் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பிரியுங்கள்: கூ-ரா, சௌ-கி-ய. பிறகு முன்னாலிருந்து: அத்-ரே, கீ-ன-கிர, வீ-யம், தூ-தும். ‘ன’வுக்குப் பின் க், ர் இரண்டும் வந்தாலும் அது லேசாகவே நிற்கிறது, ஏனெனில் அந்த இணை அடுத்த சொல்லின் தொடக்கம். மற்றபடி குறிலுக்குப் பின் இரண்டு மெய் வந்தால் கனம். நம் நேர்-நிரைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள், அங்கே தனிக்குறிலும் நேராகலாம், இங்கே அது லேசு. உயிரிலோ ம் ஒலியிலோ முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் முந்தைய ஈறு விழும். பிரிக்கத் தொடங்கும் முன்பே அதை அடித்துவிட வேண்டும்.

காணாப் பகுதியும் ஆய்வேடும்

முன்பின் பார்க்காத பகுதியை மொழிபெயர்க்கும் தாளுக்குக் கடைசி மாதப் படிப்பு உதவாது. வாரம் இரண்டு, அகராதி இல்லாமல், கடிகாரம் வைத்து, முதலாண்டின் இரண்டாம் பருவத்திலிருந்தே. ஒரு மணி நேரம் என்றால் முதல் 15 நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள்: தலைப்பையும் முன்குறிப்பையும் படித்து, பகுதியை இருமுறை வாசித்து, முற்று வினைகளைக் குறியுங்கள். தெரியாத சொல்லுக்கு வெற்றிடம் விடாதீர்கள். ஈறு சரியாக இருந்து பொருள் சற்று விலகினாலும் ஓரளவு மதிப்பெண் கிடைக்கலாம், வெற்றிடத்துக்கு எதுவும் கிடைக்காது.

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தமிழ் மாணவர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத ஒரு வயல் உண்டு. வீரமாமுனிவர் கொடுந்தமிழ் (பேச்சுத் தமிழ்) இலக்கணத்தை லத்தீனில் எழுதினார், அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவரும் அவரே. இரு மொழியும் அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது. எடுக்க விரும்பினால் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வழிகாட்டியிடம் பேசுங்கள். பிற்கால லத்தீனுக்கு வழிகாட்ட எல்லாத் துறைகளிலும் ஆள் இருக்கமாட்டார்கள். பேசுவதற்கு முன், அந்த இலக்கணத்தில் பத்துப் பக்கத்தை மொழிபெயர்ப்பின் துணையில்லாமல் படித்து, சிக்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.